ஆறு அங்குலத் திரையில் திரிபிடகம்

சம்பா நகரத்துத் தாமரைக் குளக்கரை. புத்தரும் சோணதண்டர் என்ற முதிய பிராமணரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரைப் பிராமணர் என்று சொல்ல என்னென்ன வேண்டும் என்பது கேள்வி. ஐந்து வேண்டும் என்கிறார் சோணதண்டர்: இரு பக்கமும் குலத்தூய்மை, மந்திரப் புலமை, அழகிய நிறம், ஒழுக்கம், அறிவு. இதில் ஒன்றைக் கழிக்கலாமா? நிறத்தைக் கழிக்கிறார். இன்னொன்று? மந்திரம் போகிறது. இன்னும் ஒன்று? பிறப்பும் போகிறது. கூட வந்த பிராமணர்கள் கொதிக்கிறார்கள். மிஞ்சுவது ஒழுக்கமும் அறிவும். கையைக் கை கழுவுவதுபோல, காலைக் கால் கழுவுவதுபோல, இவை ஒன்றை ஒன்று கழுவுகின்றன, இதற்குமேல் கழிக்க முடியாது என்கிறார் முதியவர். சரி, அந்த ஒழுக்கம் எது, அறிவு எது என்று புத்தர் கேட்கிறார். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான், நீங்களே சொல்லுங்கள் என்று பதில் வருகிறது. புத்தர் தொடங்குகிறார்: ததாகதர் உலகில் தோன்றுகிறார்…

அடுத்து என் கையிலிருந்த திரையில் வந்தது இது: ‘…பே…’

நானும் பேந்தப் பேந்த விழித்தேன்.

பே என்பது ‘பெய்யாலம்’ என்ற பாலிச் சொல்லின் குறுக்கம். முன்பு சொன்னதையே இங்கும் விரித்துக்கொள்க என்று பொருள். சிங்களச் சுவடிகளில் ‘பே’ என்றும் பர்மியச் சுவடிகளில் ‘ல’ அல்லது ‘ப’ என்றும் எழுதியிருப்பார்கள். மேலே சொன்ன உரையாடல் வரும் சோணதண்ட சூத்திரம், பௌத்த மூலநூல் தொகுதியான திரிபிடகத்தில், நீண்ட சூத்திரங்களைக் கொண்ட தீக நிகாயத்தில் நான்காவது. விரித்துக்கொள்ள வேண்டிய பகுதி இரண்டாவதான சாமஞ்ஞபல சூத்திரத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. அச்சுப் புத்தகமாக இருந்தால் இடது கை ஆள்காட்டி விரலை இங்கே செருகிவிட்டு, வலது கையால் பின்னே புரட்டி, படித்துவிட்டுத் திரும்பியிருப்பேன். இ-ரீடரில் விரல் செருக இடமில்லை.

இ-இங்க் கருவியில் படிப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கண் கூசாது, பாட்டரி வாரக்கணக்கில் நிற்கும் என்று கருவியைப் பற்றியே பேசுகிறோம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் பாலி நூல்களைப் பொறுத்தவரை கருவி பாதிக் கதைகூட இல்லை. அந்தப் ‘பே’யை என்ன செய்வது என்று கோப்பைத் தயாரித்தவர் எடுத்த முடிவுதான் நம்மைப் படிக்க வைக்கிறது, அல்லது மூடி வைக்க வைக்கிறது.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இ-இங்க் திரைக்குள் தலைமயிர்க் கனத்தில் பல லட்சம் நுண்குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவம், அதில் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். மின்புலம் ஒரு பக்கம் திரும்பினால் கறுப்பு மேலே வரும், மறுபக்கம் திரும்பினால் வெள்ளை. வந்த துகள் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அங்கேயே நிற்கும். பக்கம் புரளும்போது மட்டும் செலவு, படிக்கும்போது இல்லை; பாட்டரி ரகசியம் அவ்வளவுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் பிறந்த இந்த யோசனை 1997-ல் ஒரு நிறுவனமாகி, 2004-ல் ஜப்பானில் சோனியின் கருவியாகவும் 2007-ல் கிண்டிலாகவும் கடைக்கு வந்தது. துகள் நகர நேரம் பிடிக்கும் என்பதால் திரை மெதுவானது. ஒவ்வொரு பக்கமாக முன்னே போவதற்கு இது அருமை. முன்னும் பின்னும் தாவி ஓடுவதற்கு மகா மட்டம். ‘பே’ கேட்பதோ அந்தத் தாவலைத்தான்.

இந்தத் தாவல் எங்கிருந்து வந்தது? சூத்திரங்கள் எழுதப்பட்டவை அல்ல, ஓதப்பட்டவை. தீகத்தை ஓதுவோர், நடுத்தர நீளச் சூத்திரங்களின் தொகுப்பான மஜ்ஜிமத்தை ஓதுவோர் என்று பிக்குகளிலேயே பாணகர் என்ற பிரிவுகள் இருந்தன. ஒரே வாக்கியம் அச்சு மாறாமல் பத்து இடத்தில் வருவது ஓதுகிறவனுக்குப் பாரமில்லை, அதுதான் அவனுக்குக் கைப்பிடி. ஒருமுறை மனத்தில் ஏறிய பத்தி அடுத்த சூத்திரத்திலும் வந்தால் நாக்கு தானாக ஓடும். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டில், இலங்கையில் வட்டகாமணி அபயன் ஆட்சியில் திரிபிடகம் ஏட்டில் ஏறியது என்கின்றன தீபவம்சமும் மகாவம்சமும். மாத்தளைக்குப் பக்கத்தில் உள்ள அலுவிகாரைதான் அந்த இடம் என்பது மரபு. ஏட்டுக்கு வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, மை தடவி எழுதுகிறவனுக்குத் திரும்பத் திரும்ப வரும் பத்தி கைவலி. வாயில் விரியும், ஏட்டில் சுருங்கும்.

சுருக்கும் ஆசை நம் பக்கமும் இருந்திருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் சோழநாட்டுக் காவிரிக்கரைப் பூதமங்கலத்தில் தங்கியிருந்த புத்ததத்தர், பிக்குகளின் ஒழுங்கு விதிகளான விநய பிடகத்தைப் பாலிச் செய்யுளில் சுருக்கி ‘விநயவிநிச்சயம்’ செய்தார். ஏட்டுக் கட்டுகளின் நடுவே உட்கார்ந்திருந்த மனிதருக்கு அது நியாயமான ஆசை.

சுருக்காமல் கல்லிலேயே வெட்டியவர்களும் உண்டு. பர்மாவில் மிண்டோன் மன்னர் 1860-களில் மண்டலையின் குதோடா பகோடாவில் திரிபிடகத்தை 729 சலவைக்கல் பலகைகளில் இரு பக்கமும் பொறிக்கச் செய்தார். சயாமின் சுலலாங்கோர்ன் மன்னர் 1893-ல் தாய் எழுத்தில் 39 தொகுதிகளாக அச்சிட்டார். லண்டனில் 1881-ல் தொடங்கிய பாலி நூற்கழகம் ரோமன் எழுத்தில் பதிப்பித்தது. 1954 முதல் 1956 வரை ரங்கூனில் கூடிய ஆறாம் சங்காயனம் (பிக்குகளின் பேரவை) ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பு 40 தொகுதிகள். அதைக் கணினியில் ஏற்றியது இகத்புரியில் உள்ள விபஸ்ஸனா ஆய்வு நிறுவனம். முதலில் குறுந்தகடாக வந்தது, பின்னர் இணையத்தில் பதினைந்துக்குக் குறையாத எழுத்து வடிவங்களில் இலவசமாகக் கிடைத்தது. தமிழ் எழுத்தும் அதில் ஒன்று. (அதே இகத்புரியில் பத்து நாள் தியான முகாமுக்குப் போனால் படிக்கவும் எழுதவும் அனுமதி இல்லை. ஆசையாக இ-ரீடரை எடுத்துப்போகிறவர்கள் வாசலிலேயே ஒப்படைக்க வேண்டியதுதான்.) 40 தொகுதி என்று மலைக்க வேண்டாம். வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டால் மொத்தமும் கைப்பேசியில் எடுத்த சில புகைப்படங்களின் இடத்துக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் இடப் பஞ்சம் தீர்ந்தது. ஓலைக்கும் காகிதத்துக்கும் பயந்து சுருக்கியதை இனி விரித்துவிடலாமே? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

பொருள்வாரியாகத் தொகுத்த சம்யுத்த நிகாயத்தில் எத்தனை சூத்திரங்கள் என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. பழைய உரை 7,762 என்கிறது. பிக்கு போதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2,904 என்று எண்ணுகிறது. நூல் ஒன்றுதான். பெய்யாலங்களை எப்படி விரித்து எண்ணுவது என்பதில்தான் இந்த வித்தியாசம். கங்கா பெய்யாலம் என்ற பகுதியைப் பாருங்கள். கங்கை கிழக்கே சாய்ந்து, கிழக்கே சரிந்து, கிழக்கே இறங்குகிறது. அதுபோல எட்டு உறுப்புப் பாதையை வளர்க்கும் பிக்கு நிப்பானத்தை (நிர்வாணத்தை) நோக்கிச் சாய்கிறான். அடுத்து யமுனை. அடுத்து அசிரவதி, சரபூ, மகீ. பிறகு ஐந்தும் சேர்ந்து. பிறகு கிழக்குக்குப் பதில் கடலை வைத்து மறுபடி எல்லாம். அப்புறம் எட்டு உறுப்புப் பாதையை எடுத்துவிட்டு விழிப்பின் ஏழு அங்கங்களை வைத்து, பிறகு விழிப்புணர்வை நிறுத்தும் நான்கு சதிபட்டானங்களை வைத்து, இப்படியே அடுத்தடுத்த சம்யுத்தங்களிலும் (பிரிவுகளிலும்) அதே ஆறுகள். அச்சுப் பதிப்புகளில் பெரும்பாலும் தலைப்பும் ஓரிரு வரியும் மட்டுமே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை இதை நானே கோப்பில் விரித்துப் பார்த்தேன். காலிபர் மென்பொருளில் இ-பப் என்ற மின்னூல் வடிவக் கோப்பைத் திறந்து, ஆற்றின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டினேன். ஆறு அங்குலத் திரையில் ஐந்து ஆறுகள், பக்கத்துக்கு ஒன்றாக. கைப்பேசியில் இதையே திறந்தபோது கட்டைவிரல் நிற்காமல் தள்ளிக்கொண்டே போனது. இ-இங்க்கில் தள்ள முடியாது, ஒவ்வொரு பக்கமும் ஒரு கணம் கறுத்து வெளுத்து நின்றுதான் வரும். நான்காவது ஆறு வருவதற்குள் வாய் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. ஓதுவதற்கு என்று செய்த பத்தி ஓதப்படவே விரும்புகிறது போலும். அதற்காக 7,762-ஐயும் விரித்துப் படிப்பேன் என்று சொல்லவில்லை. அதற்கு நான் பிக்கு ஆகியிருக்க வேண்டும்.

என் கட்சி இதுதான்: சின்னப் பெய்யாலத்தை விரித்துவிட வேண்டும், சாமஞ்ஞபலம் மாதிரிப் பெரிய பகுதிக்கு இணைப்பு கொடுத்து, போன இடத்திலிருந்து திரும்பி வரவும் இணைப்பு கொடுக்க வேண்டும். வெறும் மூன்று புள்ளியை வைத்துவிட்டு நழுவுவது இ-புத்தகத்தில் குற்றம். அச்சில் அதற்குக் காரணம் இருந்தது, இங்கே இல்லை.

இந்தத் தேடலோடு ஒட்டிய இன்னொரு தொல்லை முகவரி. பௌத்த நூல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நூறு வருடங்களுக்கு மேலாகப் பாலி நூற்கழகப் பதிப்பின் தொகுதி, பக்க எண்ணைத்தான் மேற்கோள் காட்டி வந்தார்கள். சதிபட்டான சூத்திரம் என்றால் மஜ்ஜிமம் முதல் தொகுதி, பக்கம் 55. இ-ரீடரில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் உருண்டு ஓடிவிடுகிறது, 55 என்பதற்கு அர்த்தமே இல்லை. மஜ்ஜிமம் 10 என்று சூத்திர எண்ணைச் சொல்வதுதான் இப்போது வழக்கம். அது போதாத நீண்ட சூத்திரங்களுக்கு, பௌத்த மூலநூல்களைத் தரும் சுத்தசென்ட்ரல் இணையதளம் வாக்கியம் வாக்கியமாக எண் கொடுத்திருக்கிறது. பாலி மூலத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஒரே எண். இந்த எண்கள் உள்ள கோப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

கோப்பு எங்கே கிடைக்கும் என்றால், நல்லவை பெரும்பாலும் இலவசமாகத்தான் கிடைக்கின்றன. எல்லாத் தானத்தையும் தம்ம தானம் வெல்லும் என்கிறது தம்மபதத்தின் 354-வது பாடல், அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியரான பிக்கு சுஜாதோ நான்கு நிகாயங்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பதிப்புரிமையே கோராமல் 2018-ல் பொதுவில் விட்டார். தானிஸ்ஸரோ பிக்குவின் மொழிபெயர்ப்புகள் இ-பப் வடிவில் விலையின்றிக் கிடைக்கின்றன. பிக்கு போதியின் தொகுதிகளை விலை கொடுத்து வாங்க வேண்டும். சம்யுத்தம் மட்டுமே அச்சில் 2,000 பக்கத்துக்கு மேல். மடியில் வைத்துப் படித்தால் கால் மரத்துப்போகும். அதன் அடிக்குறிப்புகளுக்காகவே காசு கொடுக்கலாம் என்பேன். இதற்கு மாறாக, கடைகளில் மிக மலிவாக ‘முழுத் தொகுப்பு’ என்று தங்க நிற அட்டையோடு வருபவற்றில் உள்ளே இருப்பது பெரும்பாலும் பதிப்புரிமை காலாவதியான பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலம், மாக்ஸ் முல்லர் காலத்துச் சரக்கு. முல்லர் பெரிய அறிஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளடக்கப் பட்டியலே இல்லாமல் அவரைக் கொட்டி வைத்தால் யார் என்ன செய்வது? வாங்கும் முன் மாதிரியை இறக்கி, பட்டியலைத் தொட்டுப் பாருங்கள். மஜ்ஜிமத்தில் சூத்திரத்துக்கு ஒன்றாக 152 வரி தெரிய வேண்டும்.

கிண்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 முதல் இ-பப் கோப்பையே நேரடியாக அனுப்பலாம், மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். மறுபக்கம், கடையில் வாங்கிய புத்தகத்தைக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். நகல் எடுக்க ஆளில்லாததால் குண்டலகேசியைத் தொலைத்த மொழிக்காரர்கள் நாம். சொந்தக் கோப்பு ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

அடுத்தது எழுத்து. ரோமன் எழுத்தில் பாலி எழுதும்போது நெடிலுக்கு மேலே ஒரு கோடும், ட, ண, ள போன்றவற்றுக்குக் கீழே ஒரு புள்ளியும் வரும். பழைய கருவிகளின் எழுத்துருக்களில் இந்தக் கீழ்ப்புள்ளி எழுத்துகள் இல்லாததால் நடுவே கட்டம் கட்டமாக விழும். இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. ‘பல’ என்றால் வலிமை, ‘பால’ என்றால் பேதை. தம்மபதத்தின் ஐந்தாவது அதிகாரம் பால வர்க்கம். மேற்கோடு ஒன்று காணாமல் போனால் பேதையெல்லாம் பலசாலி ஆகிவிடுவான். இப்போதைய கருவிகளில் நாமே எழுத்துருவை ஏற்றிக்கொள்ளலாம், பாதிச் சிக்கல் அதில் தீரும்.

தமிழ் எழுத்தில் பாலி படிப்பது தனி வேடிக்கை. நமக்குக் க ஒன்றுதான், ப ஒன்றுதான். ஆகவே மேலே சிறு எண் போட்டு ஒலியைக் காட்டுகிறார்கள்: நமோ தஸ்ஸ ப⁴க³வதோ அரஹதோ ஸம்மாஸம்பு³த்³த⁴ஸ்ஸ. வடமொழிச் சுலோகப் புத்தகம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இ-ரீடரில் மேலே நிற்கும் சிறு எண் என்றால் அடிக்குறிப்பு. முதல் நாள் நான் அந்த 4-ஐ விரலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, குறிப்பு திறக்கவில்லையே, கோப்பு கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். கெட்டிருந்தது என் புத்தி. சில எழுத்துருக்களில் 3 ஒரு அளவிலும் 4 வேறு அளவிலும் தெரியும், அது உண்மையான கோளாறு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

பாலி மூலத்தையே தட்டுத்தடுமாறிப் படிக்கிறவர்களுக்கு அகராதிதான் உயிர். சொல்லை அழுத்திப் பிடித்தால் பொருள் வர வேண்டும் என்றால், வேற்றுமை ஏறி, சந்தியில் ஒட்டிக்கொண்டு வரும் ஒவ்வொரு உருவமும் அகராதிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘டிஜிட்டல் பாலி அகராதி’ இந்த வேலையைச் செய்கிறது, இ-ரீடருக்கான வடிவமும் தருகிறார்கள். விளக்கம் ஆங்கிலத்தில்.

தமிழில் பௌத்தம் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் நான் மணிமேகலையைத்தான் முதலில் சொல்வேன். உ.வே.சாமிநாதையர் 1898-ல் பதிப்பித்த அந்தக் காப்பியத்தை மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம் எழுத்துவடிவில் தருகிறது. சம்யுத்தத்தின் நிதான சம்யுத்தத்தை ஆங்கிலத்தில் படித்துவிட்டு மணிமேகலைக்கு வாருங்கள். பன்னிரண்டு நிதானமும் (துன்பம் தோன்றும் காரணச் சங்கிலியின் கண்ணிகள்) பச்சைத் தமிழில் வரிசையாக நிற்கும்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ‘ஃபஸ்ஸ’ என்ற பாலிச் சொல்லுக்கு ‘ஊறு’ என்று ஓரெழுத்துக் கூடாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார் சாத்தனார். இரண்டு கோப்பும் ஒரே கருவியில் இருந்தால் இந்த ஒப்பீடு ஒரு நொடி வேலை.

கிண்டிலில் தமிழ் ஒழுங்காக வருவதற்கே நாம் காத்திருக்க வேண்டியிருந்தது. கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகங்கள் முறையாக வந்தது 2016-ல். அதற்கு முன், எழுத்துச் சிதறாமல் இருக்கத் தமிழ் ஆர்வலர்கள் ஆறு அங்குலத் தாளளவில் பி.டி.எஃப். செய்து கொடுத்தார்கள். எழுத்தைப் பெரிதாக்க முடியாது, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறாது. இப்போதும் செய்யுளுக்கு அந்த முறையில் ஒரு வசதி இருக்கிறது. இ-பப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் மணிமேகலையின் நாற்சீரடி உடைந்து நாலாம் சீர் கீழே விழுந்துவிடும். அகவலின் நடை கெட்டுப்போகும். கருவியைப் படுக்கை வாட்டில் திருப்பிப் பிடித்தால் அடி முழுதாக நிற்கும். ஓலைச்சுவடியும் அகலமாகத்தானே இருந்தது.

திபெத்திய, சீன நூல்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு வாசிப்பில்லை. தைவானின் சிபேட்டா அமைப்பு 1998 முதல் சீனத் திரிபிடகத்தைக் கணினியில் ஏற்றிவருகிறது. 84000 என்ற திட்டம் திபெத்தியத் திரிபிடகத்தை ஆங்கிலமாக்கி இ-பப்பாகத் தருகிறது. திபெத்தியச் சுவடிகளின் படப்பிரதியை மட்டும் ஆறு அங்குலத்தில் திறக்காதீர்கள். நீண்டு ஒடுங்கிய அந்த ஏடு திரையின் நடுவில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும்.

கடைசியாக ஒரு பொருத்தம். ஓதுவோர் காலத்தில் பக்கம் இல்லை. நூலின் நீளத்தைப் ‘பாணவாரம்’ என்ற கணக்கில் அளந்தார்கள். ஒரே அமர்வில் ஓதக்கூடிய பகுதி. மரபுக் கணக்கில் 8,000 அசைகள். மகாபரிநிப்பான சூத்திரம் ஆறு பாணவாரம். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘முதல் பாணவாரம் முற்றும்’, ‘இரண்டாம் பாணவாரம் முற்றும்’ என்று மூலத்திலேயே குறிப்பு வரும், பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். ஏடும் அச்சும் வந்த பிறகு நீளம் என்றால் இடம் என்று ஆனது. இ-ரீடர் பக்க எண்ணைத் தொலைத்துவிட்டு, இந்த அத்தியாயத்தில் இன்னும் இத்தனை நிமிடம் என்று மறுபடி நேரத்தில் அளக்கிறது.

‘பே’ வந்து நின்ற அந்த இரவு நான் சோணதண்டரைக் குளக்கரையிலேயே விட்டுவிட்டு, உள்ளடக்கத்தைத் தொட்டு, இரண்டாம் சூத்திரத்தின் தொடக்கத்துக்கே போனேன். ஜீவகரின் மாந்தோப்பு, பௌர்ணமி, தந்தையைக் கொன்ற அஜாதசத்து மன்னன் யானையேறி வருகிறான். திரையின் இடது மூலையில் 52 நிமிடம் என்று இருந்தது.